கொடியோடு ஓடும் டாங்கிக்கு முதுகில் கண் இல்லை

இணையவழி டாங்கிப் போர் விளையாட்டுகளில் எதிரியைச் சுட்டு வீழ்த்துபவருக்குக் கிடைக்கும் புகழ் மற்றவருக்குக் கிடைப்பதில்லை என்றாலும், அவற்றுள் ‘கொடிக்கவர்வு’ எனப்படும் ஆட்டவகையில், அதாவது எதிரணியின் தளத்தில் நடப்பட்டிருக்கும் கொடியை எடுத்துவந்து தன் தளத்தில் சேர்ப்பதே வெற்றி என்று வகுக்கப்பட்ட ஆட்டத்தில், துல்லியமாகச் சுடத் தெரிந்தவர் மட்டுமே நிறைந்த அணி அடிக்கடி தோற்றுவிடுகிறது. இதற்கான காரணத்தை ஆட்டக்காரர்களின் குணத்தில் தேடுவதைவிட டாங்கியின் உடலமைப்பில் தேடுவது பொருத்தம். காலாள் வீரர் ஓடிக்கொண்டே சட்டெனத் திரும்பிச் சுடக்கூடிய மற்ற துப்பாக்கி விளையாட்டுகளில் தனியொருவரின் சாகசத்துக்கு இடம் உண்டு. டாங்கியோ மெல்லத் திரும்பும் வண்டி, அதிலும் குழல் உடலோடு இறுக்கப்பட்ட வகை டாங்கி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மட்டுமே சுடும் என்பதால், கொடியை எடுத்துக்கொண்டு வீடு நோக்கி ஓடும் கணத்திலிருந்து அதன் முதுகைக் காக்கும் பொறுப்பு மற்றவர்களுடையதாகிறது.

இந்த உறவை மிகத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு, பெயரிலேயே கொடியைத் தாங்கிய ‘பி.இசட்.ஃபிளாக்’ ஆகும். அடாரி நிறுவனம் 1980-இல் வெளியிட்ட, பச்சைக் கோடுகளால் ஆன மலைகளுக்கிடையே ஒற்றை ஆட்டக்காரர் டாங்கி ஓட்டிய ‘பேட்டில்ஸோன்’ என்னும் நாணயப்பெட்டி விளையாட்டின் சாயலில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த கிறிஸ் ஷோன்மேன் 1990-களின் தொடக்கத்தில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளுக்காக இதை எழுதினார். பின்னர் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த நிரலாக மாறியதால், தன்னார்வலர்களின் கையில் இன்றும் அது உயிரோடு இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பளபளப்பான டாங்கி விளையாட்டுகள் பல இருக்க, முப்பது ஆண்டு பழைய இந்த எளிய ஆட்டத்தை இங்கே முன்னிறுத்துவதற்குக் காரணம், அதன் விதிகள் ஒளிவுமறைவின்றி எண்களாகவே கிடைப்பதும், அந்த எண்களிலிருந்து அணி உத்தியைக் கணக்குப் போட்டே வருவிக்க முடிவதும்தான்.

எண்கள் சொல்லும் உத்தி

சர்வரை நடத்துபவர் மாற்றாத வரை, இந்த விளையாட்டின் களம் பக்கத்துக்கு 800 அலகு கொண்ட சதுரம். டாங்கி 6 அலகு நீளமும் 2.8 அலகு அகலமும் உடையது. விநாடிக்கு 25 அலகு முன்னோக்கி ஓடும், பின்னோக்கி அதில் பாதி வேகம்தான். குண்டு விநாடிக்கு 100 அலகு பறந்து 350 அலகில் மறையும். சுட்டபின் அடுத்த குண்டு நிரம்ப மூன்றரை விநாடி ஆகும். டாங்கி விநாடிக்கு 45 பாகை திரும்பும் என்பதால், முழுதாகப் பின்பக்கம் திரும்ப நான்கு விநாடி தேவை. ஒரே குண்டடியில் டாங்கி வெடித்துவிடும். வெடித்தவர் மீண்டும் களமிறங்க ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும்.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால், எதிர்த் தளத்திலிருந்து தன் தளத்துக்கு வரும் பயணம் ஏறத்தாழ அரை நிமிடம் நீடிக்கும் என்பதும், அந்த அரை நிமிடத்தில் பின்னால் துரத்துபவர் தன் குழலை எட்டு முறையாவது நிரப்பிச் சுட முடியும் என்பதும் விளங்கும். துரத்துபவரும் அதே வேகத்தில் ஓடுவதால் அவர் நெருங்கிவர மாட்டார் என்று கொடி சுமப்பவர் ஆறுதல் கொள்ள முடியாது. ஏனெனில் குண்டு மறைவதற்குள் கொடியோடு ஓடும் டாங்கி 87 அலகு மட்டுமே நகர்ந்திருக்கும் என்பதால், 260 அலகு பின்தங்கியிருப்பவரின் குண்டும் அதை எட்டிப் பிடிக்கும். நேராக ஓடும் டாங்கி மெல்லிய இலக்குத்தான், ஆனால் மாறாத திசையில் ஓடும் இலக்கு. குண்டைத் தவிர்க்க வளைந்து ஓடலாம் என்றால், முதல் அரை விநாடியில் அந்த வளைவு பக்கவாட்டில் தரும் விலகல் இரண்டரை அலகுகூட இல்லை, அதாவது டாங்கியின் சொந்த அகலத்தைவிடக் குறைவு; முழு விநாடி கிடைத்தால் அது ஒன்பது அலகைத் தாண்டுகிறது. நெருக்கத்தில் சுடப்படும் குண்டிலிருந்து தப்புவது அரிதாகவும், தொலைவிலிருந்து வரும் குண்டிலிருந்து தப்புவது பழக்கத்தால் கைவருவதாகவும் இருப்பது இதனால்தான். ஆனால் ஒவ்வொரு வளைவும் பாதையை நீட்டிக்கிறது. பாதை நீண்டால் எதிரணியில் வெடித்தவர்கள் மீண்டும் களத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

கொடியோடு ஓடுபவர் பின்னால் சுட முடியாது என்பதற்குக் குதிக்க அனுமதியுள்ள சர்வர்களில் ஒரு விதிவிலக்கு உண்டு. தரையைவிட்டு எழும்பிய டாங்கி அப்போது எந்தத் திசையில் எந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்ததோ, எந்த வேகத்தில் திரும்பிக்கொண்டிருந்ததோ, இரண்டையும் தரையிறங்கும்வரை மாற்றமின்றித் தொடரும். வழக்கமான குதிப்பு நான்கு விநாடிக்குச் சற்றுக் குறைவாக நீடிப்பதால், திரும்பிக்கொண்டே எழும்பும் டாங்கி காற்றிலேயே ஏறத்தாழ 175 பாகை சுழன்று, வீடு நோக்கி மிதந்துகொண்டே பின்னால் வருபவரைச் சுட முடிகிறது. தேர்ந்தவர்கள் இதை அநாயாசமாகச் செய்வதைக் காணும் புதியவர்கள் தனிமனித வீரத்தின் உச்சம் இது என்று மயங்குவது இயல்பு. ஆனால் காற்றில் இருக்கும் டாங்கி எங்கே விழும் என்பது எழும்பிய கணமே எதிரிக்குத் தெரிந்துவிடுகிறது. விழுந்தபின்னோ அது பின்பக்கம் பார்த்து நிற்கிறது, மீண்டும் திரும்ப நான்கு விநாடி செலவிடவோ பாதி வேகத்தில் பின்வாங்கவோ வேண்டியிருக்கிறது. கூட்டாளி இல்லாதவர் கடைசியாக நாடும் வழியாக மட்டுமே இதை மதிப்பிடுவது நியாயம்.

துணை எந்தத் திசையிலிருந்து வர வேண்டும்?

கொடி எடுக்கப் போகிறவரோடு துணைக்கும் ஒருவர் போக வேண்டும் என்பது எல்லோரும் முதலில் நினைக்கும் ஏற்பாடு. இருவரும் சேர்ந்து தாக்குவதில் நன்மை உண்டு, முக்கியமாகக் குண்டுகளை இடைவெளி விட்டுச் சுடும் ஒழுங்கு இருந்தால்: இருவரும் ஒரே நேரத்தில் சுட்டால் மூன்றரை விநாடிக்கு இருவருமே வெறுங்கை, ஒருவர் சுட்டு அவருடைய குழல் பாதி நிரம்பும் வேளையில் மற்றவர் சுட்டால் அந்த இணை முழுதாக வெறுங்கையோடு நிற்கும் நேரம் பாதியாகக் குறையும். முதல் குண்டு பகைவரை ஒரு பக்கம் விலகவைக்க, இரண்டாம் குண்டு அவர் விலகிச்சென்ற இடத்துக்கே போய்ச் சேரும் என்பது இதன் கூடுதல் பயன்.

ஆயினும் திரும்பும் பயணத்தில் கூடவே ஓடிவரும் துணைக்கும் முதுகில் கண் இல்லை. அவரும் பின்பக்கம் திரும்பவேண்டும், அதற்கு நான்கு விநாடி, அதற்குள் கொடி நூறு அலகு முன்னால் போயிருக்கும். எனவே சிறந்த துணை, தன் தளத்திலிருந்து கிளம்பிக் கொடி வரும் பாதையில் எதிர்கொண்டு வருபவரே. அவருடைய குழல் ஏற்கெனவே துரத்துபவரை நோக்கியிருக்கிறது, இருவரும் விநாடிக்கு 50 அலகு வீதம் ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள், கொடி அவரைக் கடந்த மறுகணம் துரத்துபவருக்கும் கொடிக்கும் இடையே ஒரு டாங்கி நிற்கிறது. அந்த டாங்கி வெடித்தாலும் இழப்பு ஐந்து விநாடிதான். கொடி சுமப்பவருக்குப் போகவேண்டிய குண்டைத் தன்மேல் வாங்கிக்கொண்டு வெடிப்பது இந்த விளையாட்டில் மலிவான விலை என்பதைப் பல அணிகள் புரிந்துகொள்வதேயில்லை, ஏனெனில் மதிப்பெண் பட்டியலில் அது அவருடைய தோல்விக் கணக்கில் ஒன்று கூட்டிவிடுகிறது. கொடி வந்துசேர்ந்த புள்ளியோ அணியின் கணக்குக்குப் போகிறது. தனிமனிதக் கணக்கையும் அணிக் கணக்கையும் இப்படி எதிரெதிராக நிறுத்தியது இந்த விளையாட்டின் வடிவமைப்பில் உள்ள குறை என்று சிலர் கருதக்கூடும். தன் கணக்கு கெட்டாலும் பரவாயில்லை என்று நினைப்பவர் யார் என்பதை அது வடிகட்டிக் காட்டிவிடுகிறது என்றும் சொல்லலாம்.

எதிர்கொண்டு வரும் துணைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. இயல்பான விதிப்படி தன் அணியினர் சுட்ட குண்டும் கொல்லும், கூட்டாளியைக் கொன்றவரும் அப்போதே வெடிப்பார். துரத்துபவரைச் சுடப்போய்க் கொடி சுமப்பவரைச் சுட்டுவிட்டால் இரண்டு டாங்கிகளும் போய், கொடி நடுவழியில் பகைவரின் காலடியில் விழும். ஆகவே கொடி சுமப்பவர் துணையின் எந்தப் பக்கமாகக் கடந்துசெல்வார் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் அணிகள், அந்த இறுதி நூறு அலகில் எந்தச் செய்தியும் தட்டச்சு செய்யாமலே காரியத்தை முடிக்கின்றன. அணியினருக்கு மட்டும் தெரியும் செய்தி அனுப்பத் தனி விசை உண்டு என்றாலும், தட்டச்சு செய்யும் கை அந்நேரம் டாங்கியைச் செலுத்துவதில்லை.

கொடியின் விலை

பி.இசட்.ஃபிளாக்கின் தனிச்சிறப்பு, அணிக்கொடிகளைத் தவிர வேறு பல கொடிகளும் களத்தில் சிதறிக் கிடப்பது. ‘சூப்பர் கொடி’ எனப்படும் இவை ஒவ்வொன்றும் எடுத்தவருக்கு ஒரு சக்தி தரும்: நொடியில் பாயும் லேசர், இலக்கைத் தேடிச் செல்லும் ஏவுகணை, ரேடாரில் தென்படாமல் செய்யும் ‘ஸ்டெல்த்’, கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் ‘குளோக்கிங்’, எதிரணியில் ஒருவரைச் சுட்டால் அந்த அணி முழுவதையும் வெடிக்கவைக்கும் ‘ஜெனோசைட்’ எனப் பட்டியல் நீளும். எடுக்கும்வரை எது எந்தக் கொடி என்று தெரியாது. பார்வையைப் பறிப்பதும், உடலைப் பருக்கவைப்பதும், இடப்பக்கம் மட்டுமே திரும்பவிடுவதுமான கெட்ட கொடிகளும் அவற்றுள் கலந்திருக்கும்.

ஆனால் ஒரு டாங்கி ஒரு நேரத்தில் ஒரு கொடிதான் ஏந்தலாம் என்ற ஒற்றை விதி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஸ்டெல்த் ஏந்தி ரேடாரில் படாமல் எதிர்த் தளத்துக்குள் நுழைந்தவர், அணிக்கொடியைத் தொட வேண்டுமானால் முதலில் ஸ்டெல்த்தைக் கீழே போட்டாக வேண்டும். எந்த இடத்தில் மறைந்திருப்பது மிகத் தேவையோ அந்த இடத்திலேயே அவர் வெளிப்பட்டுவிடுகிறார். லேசர் வைத்திருப்பவரும் அப்படியே, வெறும் குண்டோடுதான் திரும்ப வேண்டும். சடுகுடுவில் பாடிப்போனவர் தொட்டுவிடுவதோடு முடியாமல் கோட்டைத் தாண்டி மூச்சோடு மீள்வதில்தான் ஆட்டமே இருப்பதைப் போல, இங்கும் கொடியைத் தொடும் கணத்தில்தான் உண்மையான சிரமம் ஆரம்பமாகிறது. எனவே நல்ல ஆயுதம் கிடைத்தவர் கொடியைத் தொடாமல் இருப்பதே அணிக்கு நல்லது. ஜெனோசைட் ஏந்தியவர் ஒருவரைச் சுட்டு எதிரணி முழுவதையும் வெடிக்கவைக்கும் அந்த ஐந்து விநாடியில், வெறுங்கையோடு அருகில் காத்திருக்கும் கூட்டாளி கொடியை எடுத்துக்கொண்டு கிளம்புவது இந்த விளையாட்டின் மிக அழகிய கூட்டுச் செயல்களுள் ஒன்று. இருவரும் ஆயுதக்காரர்களாக இருந்தாலோ, யார் தன்னுடையதைக் கீழே போடுவது என்ற தயக்கத்திலேயே அந்த ஐந்து விநாடி கழிந்துவிடும்.

எதிரியின் கொடி தன் தளத்துக்கு வந்துசேர்ந்ததும் கொடியிழந்த அணியின் அத்தனை டாங்கிகளும் ஒருசேர வெடிக்கின்றன என்பது இந்த விளையாட்டின் மற்றொரு கடுமையான விதி. இரு அணிகளும் ஒரே நேரத்தில் ஒன்றன் கொடியை மற்றொன்று கவர்ந்து ஓடும்போது இவ்விதியின் முழுப்பொருளும் வெளிப்படும்: முதலில் வீடு சேர்ந்தவர், எதிரணியில் தங்கள் கொடியைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தவரையும் சேர்த்து வெடிக்கவைத்துவிடுவதால், அவர் சுமந்த கொடி வழியிலேயே விழுந்துவிடுகிறது. அப்போது வீட்டில் இருக்கும் காவலர் எதைச் செய்வது? தன் கொடியோடு ஓடும் பகைவரைத் துரத்துவதா, தன் கூட்டாளி வரும் பாதையைத் துப்புரவாக்குவதா? கூட்டாளி எதிரியைவிட வீட்டுக்கு அருகில் இருந்தால் துரத்துவது வீண்வேலை, ரேடாரை ஒருமுறை பார்த்தால் போதும் விடை கிடைத்துவிடும். இருந்தும் பெரும்பாலோர் துரத்தவே செய்கிறார்கள், ஏனெனில் தன் கண்ணெதிரே கொடி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல. மீட்கப்பட்ட தன் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு அவசரத்தில் எதிரியின் தளத்தின்மேல் ஏறிவிட்டால் அதுவும் எதிரிக்குக் கொடி சேர்ந்ததாகவே கணக்காகி, தன் அணியைத் தானே வெடிக்கவைத்த பெருமை வந்துசேரும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

கடல் கடந்து வரும் குண்டு

கூட்டு உத்தி எதுவும் ‘லேக்’ எனப்படும் இணையத் தாமதத்தைக் கணக்கில் கொள்ளாமல் முழுமை பெறாது. டாங்கி விளையாட்டுக்கும் இந்தச் சிக்கலுக்கும் பழைய உறவு உண்டு. மேக்கின்டாஷ் கணினிகளில் பதினாறு பேர் வரை வலையமைப்பில் இணைந்து ஆடிய ‘போலோ’ என்னும் டாங்கி விளையாட்டை உருவாக்கிய ஸ்டூவர்ட் செஷயர்தான், வலையமைப்பின் அகலத்தைவிடத் தாமதமே முதன்மைச் சிக்கல் என்று வாதிட்ட, 1990-களில் பரவலாகப் படிக்கப்பட்ட கட்டுரையையும் எழுதியவர். ஒளியிழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், சென்னையிலிருந்து 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் நியூயார்க்கில் உள்ள சர்வருக்குச் செய்தி ஒருவழி போய்ச்சேரவே குறைந்தது 65 மில்லிவிநாடி ஆகும், அதற்குள் பி.இசட்.ஃபிளாக் குண்டு ஆறரை அலகு, அதாவது ஒரு டாங்கி நீளத்துக்கு மேல் பறந்திருக்கும். குண்டு பட்டதா இல்லையா என்பதை அந்த விளையாட்டில் சுடப்பட்டவரின் கணினியே முடிவு செய்வதால், சுட்டவர் திரையில் ஊடுருவிப்போன குண்டு சுடப்பட்டவர் திரையில் விலகிப் போயிருக்கலாம். தாமதம் மிகுந்தவரைக் கொடி எடுக்க அனுப்புவதா, வீட்டில் நிறுத்துவதா என்பதில் அணிகளுக்குள் ஒரே கருத்து இல்லை. அவரைச் சுடுவது கடினம் என்பதால் கொடி சுமக்க அவர் ஏற்றவர் என்பதும், அப்படி வெல்வது முறையல்ல என்பதும் இரண்டுமே கேட்கத்தக்க வாதங்கள்.

சொந்தக் கொடி வீட்டில் இருக்க வேண்டும்

இதே கொடிக்கவர்வை வேறு விதிகளோடு நடத்தும் விளையாட்டும் உண்டு. ரஷ்யாவின் பெர்ம் நகரத்து அல்டர்னாட்டிவா பிளாட்ஃபார்ம் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ‘டாங்கி ஆன்லைன்’, உலாவியிலேயே ஆடக்கூடியதாக இருந்ததால் பள்ளி, கல்லூரி மாணவர்களிடையே பெரிதும் பரவியது. இங்கே ஒரே அடியில் டாங்கி வெடிப்பதில்லை. வண்டியின் உடலையும் குழலையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பொருத்தலாம் என்பதால் வேலைப்பிரிவு கண்ணுக்கே தெரிகிறது. இலேசான, வேகமான ‘வாஸ்ப்’ உடல் கொடி எடுக்கவும், கனத்த ‘மம்மூத்’ தளம் காக்கவும், தொலைவிலிருந்து டாங்கிகளைத் துளைத்துச் செல்லும் ‘ரெயில்கன்’ நெடுவழியை அடைக்கவும், பட்டவரின் வேகத்தைக் குறைக்கும் ‘ஃப்ரீஸ்’ கொடியோடு ஓடுபவரைத் தடுக்கவும் பயன்படுகின்றன. ‘இசிடா’ என்னும் குழல் பகைவரைத் தாக்கும், கூட்டாளியின் சேதத்தையோ சரிசெய்யும். கொடி சுமப்பவரின் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் இசிடா, பி.இசட்.ஃபிளாக்கில் குறுக்கே வந்து வெடிக்கும் துணை செய்யும் அதே பணியை, வெடிக்காமல் செய்கிறது எனலாம். கொடி சுமப்பவர் விரும்பினால் அதைக் கீழே போட்டுவிட்டு வேகமான கூட்டாளியிடம் ஒப்படைக்கவும் வழி உண்டு.

இரு விளையாட்டுக்கும் இடையே உள்ள ஆழமான வேறுபாடு ஒரே ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. டாங்கி ஆன்லைனில் தன் கொடி தன் தளத்தில் இருந்தால்தான் எதிரியின் கொடியைக் கொண்டுவந்து சேர்த்ததாகக் கணக்கு. இதனால் இரு கொடிகளும் ஒரே நேரத்தில் கவரப்பட்டுவிட்டால் முதலில் ஓடிவந்தவருக்கு வெற்றி இல்லை. இருவருமே தத்தம் தளத்தின் மூலையில் கொடியோடு பதுங்க, ஆட்டம் முடிச்சு விழுந்து நிற்கிறது. முடிச்சை அவிழ்க்க ஒரே வழி எதிர்த் தளத்தில் பதுங்கியிருப்பவரை வெடிக்கவைத்து, விழும் சொந்தக் கொடியைத் தொட்டுத் திருப்பியனுப்புவதுதான், அதற்கு ஆட்கள் வேண்டும், அந்த ஆட்களைத் தன் கொடிக்காரரின் காவலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ போன்ற விளையாட்டுகளில், கொடிக்குப் பதிலாகத் தரையில் வரையப்பட்ட வட்டத்துக்குள் நின்று நூறு புள்ளி சேர்க்கும் தளக்கவர்வு இருந்தாலும், அங்கே இந்த முடிச்சு விழுவதில்லை. அடிபட்ட டாங்கி சேர்த்த புள்ளிகள் அழிந்துவிடும் என்பதால் தொலைவிலிருந்து ஒரு குண்டே போதும்.

முடிச்சு விழுந்த ஆட்டத்தில் பொறுமையிழந்து ஒவ்வொருவராகக் கிளம்பும் அணி, ஒவ்வொருவராகவே வெடித்துத் திரும்புகிறது. பழகிய அணிகள் தங்கள் கொடிக்காரரை ஓர் இசிடாவோடு மட்டும் விட்டுவிட்டு மற்றவர் அனைவரும் சேர்ந்து ஒரே அலையாகப் புறப்படுவதும், சொந்தக் கொடி திரும்பியது என்ற அறிவிப்பு வரும்போது கொடிக்காரர் ஏற்கெனவே தளத்தின் விளிம்பில் வந்து நிற்பதும் வழக்கம். அலை கிளம்பியதைக் கண்டுகொண்ட எதிரணி தற்காக்க ஆளைத் திரட்டுமா, அல்லது காவல் குறைந்த அந்தத் தளத்தை நோக்கித் தானும் ஓர் அலையை அனுப்புமா என்பதைப் பொறுத்து அடுத்த அரை நிமிடம் அமைகிறது.